கையெழுத்துப் போடாத பதினான்கு பக்கங்கள்

1

இதை எழுதுகிற தாளின் மறுபக்கத்தில் என் மகளின் ஒப்பந்தம் அச்சாகியிருக்கிறது. மொத்தம் பதினான்கு பக்கம். நல்ல கனமான தாள், ஒரு பக்கம்தான் அச்சு. கிழித்துப் போட மனம் வரவில்லை. பத்திரமாக எடுத்து வைக்கவும் பிரியமில்லை. பின்பக்கத்தை எழுதித் தீர்த்துவிடலாம் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சித்திரையோடு நான் அதில் கையெழுத்துப் போடாமல் விட்டு ஓர் ஆண்டு ஆகிறது. கல்யாண நாளை வருஷா வருஷம் மறக்கிற மனிதன் இந்த நாளை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறானே என்று என் மனைவி கலாவுக்கு வருத்தம்.

நான் மரக்காணத்துக்காரன். கலா புதுச்சேரிப் பெண், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். நகராட்சியின் சாலைப் பிரிவில் எனக்கு வேலை. பனி கொட்டுகிற மாதங்களில் லாரியில் உப்பை ஏற்றிக்கொண்டு போய் ரோடு முழுக்கத் தூவ வேண்டும். உப்பளத்திலிருந்து தப்பித்துப் பாட்டுக்குப் போனேன். பாட்டிலிருந்து தப்பித்து விமானம் ஏறினேன். இறங்கிய ஊரில் மறுபடி உப்பைத்தான் கையில் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பிடி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது கடல் உப்பு இல்லை, பாறையில் வெட்டியது" என்றேன். என் லாரியில் கூட வரும் ழெரார் அன்றிலிருந்து என்னை ஏதோ ஆராய்ச்சியாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் மறுக்கவில்லை.

2

பாட்டுக்குப் போனேன் என்றேனே, அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கடற்கரைக் குப்பங்களில் அம்மன் திருவிழா என்றால் ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் முடியாது. பாபு அண்ணன் என்பவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் நான் பாடகன். ஆரம்பத்தில் மேடையின் நடுவில் நின்றுதான் பாடினேன். அப்போது யாரும் பாடுகிறவன் முகத்தைப் பெரிதாகப் பார்த்ததில்லை. ரேடியோவிலும் கேசட்டிலும் குரலை மட்டும் கேட்டுப் பழகிய சனம் அது. குரலுக்கு ஏற்ற முகத்தை அவரவர் மனசில் வைத்துக்கொள்வார்கள்.

கேபிள் டிவி வந்தது. பாடுகிறவர்கள் ஆடினார்கள், கூலிங் கிளாஸ் போட்டார்கள். அடுத்த திருவிழாவிலேயே விழாக் கமிட்டியார் பாபு அண்ணனிடம் கேட்டார்கள்: "பாடுற பையன் பாக்க எப்படிப்பா இருப்பான்? ஆடுவானா?" நான் பார்க்க எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியும். உப்பள வெயிலில் வெந்த முகம். முன்பல் இரண்டும் யாரையோ தேடிக்கொண்டு வெளியே வந்து நிற்கும்.

பாபு அண்ணன் கெட்டவர் இல்லை. தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"கதிரு, கொரலு உன்னுதுதான். அதுல மாத்தமே இல்ல. மூஞ்சிய மட்டும் நான் பாத்துக்கறேன்."

அப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்ட முகம் கூனிமேட்டு சாதிக். செக்கச்செவேல் என்று இருப்பான், சுருள் முடி, என் வயசு. அவன் முன்னால் நின்று இணைப்பில்லாத மைக்கைப் பிடித்து ஆடி வாயசைப்பான். நான் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவேன். இப்படியே ஆறு வருஷம்.

ஒரு திருவிழாவில் பொழுது சாய்ந்து ட்யூப்லைட் போட்ட நேரம். காதல் பாட்டு, நான் உச்சத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன், ஒரு ஈசல் நேராக என் தொண்டைக்குள் போய்விட்டது. நான் இருமுகிற இருமல் குப்பம் முழுக்கக் கேட்கிறது. சாதிக்கோ முன்னால் சிரித்த முகமாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். விஷயம் புரிந்ததும் பாவம், அவனும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். அதற்குள் நான் இருமி முடித்திருந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மணலை வாரி எறிந்தார்கள். எறிந்தது எல்லாம் சாதிக் மேல்தான் விழுந்தது. எனக்கு அதில் அன்று ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

3

எங்கள் ஒரே மகள் இனியா. போன வருஷம் அவளுக்குப் பதினேழு. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். திட்டினால் தோளைக் குலுக்குவாள், அதுவும் பிரெஞ்சுக் குலுக்கல். அவளிடம் தமிழ் மிச்சமிருந்தது பாட்டில் மட்டும்தான். என் குரல் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, பெண்பிள்ளைக்குக் கொஞ்சம் கனமான அடிக்குரல்.

அடுப்பில் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே பாடிய ஒரு பாட்டை அவள் போனில் போட்டிருந்தாள். சென்னையில் ஆல்பம் பாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டு வீடியோ காலில் வந்தது. டைரக்டர் என்று ஒரு இளைஞர்.

"அங்கிள், பாப்பா லுக் செம ஃப்ரெஷ் அங்கிள். ஃபாரின் பொண்ணு மாதிரியும் இருக்குது, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியும் இருக்குது. இது க்ளிக் ஆவும்."

குரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லாமலே அடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒப்பந்தம் வந்தது. மூன்று வருஷம். பெயரைச் சுருக்க வேண்டும், எடை குறைக்க வேண்டும், கண்ணாடி போடக் கூடாது. ஒன்பதாவது பிரிவின்படி கம்பெனி அனுமதியில்லாமல் வேறு எங்கும் பாடக் கூடாது, பள்ளிக்கூட விழாவில்கூட. பதினெட்டு ஆகாததால் தந்தையின் கையெழுத்து வேண்டும். முதல் பாட்டின் படப்பிடிப்பு முடிந்த கையோடு போட்டால் போதும் என்றார்கள்.

முதல் பாட்டு ஒரு பனிப் பாட்டு. பனி இருக்கும் ஊருக்குப் படக்குழுவைக் கூட்டிப்போனால் கட்டுப்படியாகாது என்பதால் பனிமலையாக நடிக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது எதைத் தெரியுமா? மரக்காணத்து உப்புக் குவியல்களை.

கலா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். அன்று முழங்கால் அளவுக்குப் பனி.

"வாசல்ல கொட்டிக் கெடக்குற பனிய உட்டுட்டு, உப்பப் பனின்னு காட்ட டிக்கெட் எடுத்துப் போவணுமா? உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குரல் ஒரு தடவையாவது மேடையின் முன்பக்கம், முகத்தோடு நிற்க வேண்டும். அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது. இவள் தமிழில் பாடிக்கொண்டிருக்கும் வரைக்கும் எங்கள் கையை விட்டுப் போகமாட்டாள் என்று நினைத்தேன். இனியாவிடம் சம்மதமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

4

படப்பிடிப்புக்குத் தனியாக ஒரு பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், அதில் கையெழுத்துக்கு அரசுச் சான்று வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் அதை நகராட்சியில் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். அதிகாரி பிரெஞ்சில் இல்லாத காகிதத்தைத் தொடமாட்டார். நீதிமன்றப் பதிவுள்ள மொழிபெயர்ப்பாளரைத் தேடி இரண்டு ரயில் மாறிப் போனேன். அவர் விடுமுறையில் இருந்தார். அவர் விடுமுறை முடிந்து வந்தபோது அவருடைய முத்திரை எங்கோ தொலைந்திருந்தது. நம் ஊர் அலுவலகங்களைப் பற்றிப் பிரான்சில் உட்கார்ந்து குறை சொல்லும் நண்பர்களை அன்றிலிருந்து நான் மன்னிப்பதில்லை.

கடைசியில் நகராட்சிக் கவுன்டரில் இருந்த அம்மையாருக்கு என்னைத் தெரியும், உப்பு லாரிக்காரன். மொழிபெயர்ப்பை மூக்குக்கண்ணாடி இறங்க இறங்கப் படித்தார்.

"மகள் பாடப் போகிறாள் என்றீர்களே. இதில் பாடுவது என்று எங்கும் இல்லையே. தோன்றுவது என்றுதான் இருக்கிறது."

எனக்குக் கோர்வையான பிரெஞ்சு பாதிதான் வரும். அவசரத்தில் வருவது அதிலும் பாதி. "எங்கள் நாட்டில் இரண்டும் ஒன்றுதான், மதாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் ஒன்றில்லை என்பதற்காகவே ஆறு வருஷம் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அறைந்திருப்பேன்.

5

ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நானும் இனியாவும் போனோம். கலா வர மறுத்துவிட்டாள். ஊரில் எங்களை வரவேற்றவன் சாதிக். இப்போது அவனுக்கு முன்மண்டை காலி, தாடி வெளுத்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் வேலை செய்கிறான். கம்பெனிக்கு உப்பளத்தைக் காட்டியவனே அவன்தான். கட்டிப்பிடித்து, "டேய் பெட்டி" என்றான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் வந்த பெயர்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. இனியாவுக்கு வெள்ளை ரோமக் கோட்டு, கையுறை, தலையில் கம்பளித் தொப்பி. காலில் ஊசிக் குதிகால் செருப்பு. வெயில் ஏற ஏறப் பிள்ளை வேர்த்து ஒழுகினாள். உப்புக் குவியலின் அடியிலிருந்து பாத்தியில் இறங்கி நடந்து வர வேண்டும் என்றார் டைரக்டர். நடந்தாள்.

பக்கத்துப் பாத்தியில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"ஏம்பா! செருப்பக் கழட்டச் சொல்லு! இருவது நாளு மிதிச்ச தரைப்பா அது! ஓட்ட போட்டுட்டுப் போறீங்க!"

அஞ்சலை அக்கா. என் பெரியம்மா மகள். சீசன் தொடக்கத்தில் பாத்தித் தரையைப் பெண்கள் வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்து இறுக்குவார்கள். அதற்கப்புறம் செருப்போடு யாரும் இறங்கமாட்டார்கள். ஒரு பள்ளம் விழுந்தாலும் அடியிலிருக்கும் சேறு மேலே வந்து உப்பு கறுத்துப்போகும். இதே பாத்திகளில் வளர்ந்த நான் அதைச் சொல்லாமல் மானிட்டர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் நடந்த வழி நெடுக ஓட்டைகள்.

இனியா உடனே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வரப்புக்குப் போய் அக்காவிடம் சொன்னாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. எனக்குத் தெரியாது. கொஞ்சம் தண்ணி குடுங்க."

அத்தை என்று கூப்பிட அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா கேனைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"கதிரு பொண்ணா நீ? மார்கழிக் கோட்டப் போட்டுக்கினு சித்திரையில நிக்கிறியேம்மா."

மறுபடி படப்பிடிப்பு. பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். இனியா வீட்டிலிருந்து போனில் பாடி அனுப்பியதை வைத்துத்தான் அதை முடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முழுப் பாட்டாக அதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். மெல்லிசான, சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு குரல் வந்தது. இனியா வாயசைத்தாள். எந்திரம் போட்டுக் கொஞ்சம் மெருகேற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கதிரு, இது யாருடா பாடுறது?"

"என் பொண்ணுதான்க்கா."

"யாருக்கிட்ட சொல்ற? இப்பதான எங்கிட்ட தண்ணி கேட்டுச்சு? அது கெணத்துக்குள்ளேந்து வர்ற கொரலு. இது வேற பொண்ணுடா."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டைரக்டரைப் பார்த்தேன். அவர் சங்கடமே இல்லாமல் சிரித்தார்.

"அங்கிள், வாய்ஸ் ஒரு இஷ்யூவே இல்ல. பாப்பா வாய்ஸ் கொஞ்சம் ஹெவி, ரீல்ஸுக்கு செட் ஆவாது. ஃபேஸ் போதும் அங்கிள். வாய்ஸ நாங்க பாத்துக்கறோம்."

"அப்போ இது யாரு?"

"ட்ராக் பாடுற பொண்ணு அங்கிள். அதுங்க பேரெல்லாம் போடமாட்டோம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

6

சாதிக் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டோர டீக்கடையில் உட்கார வைத்தான். அவனுக்கும் இது தெரியாது என்று சத்தியம் செய்தான். நம்பினேன். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னான்.

"பெட்டி, நீ என்னப் பாத்துப் பொறாமப்பட்டதானே?"

"ஆமா."

"நான் உன்னப் பாத்துப் பட்டேன்டா. ஆறு வருஷம் வாய அசைச்சேன். கை தட்டுவாங்க, காது கூசும். எம் பொண்டாட்டி நிக்காஹ் ஆன புதுசுல ஒரு பாட்டுப் பாடுங்கன்னு கேட்டா. வாயத் தொறந்தா காத்துதான் வருது. எங்கொரலு எப்படி இருக்கும்னு இந்த வயசு வரைக்கும் எனக்குத் தெரியாதுடா. என் நசீப் அவ்ளோதான்னு உட்டுட்டேன்."

மணல் எறிந்த அன்று நான் பட்ட அற்ப சந்தோஷம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

கணக்கு இதுதான். நான் கையெழுத்துப் போட்டால் என் மகள் இன்னொரு சாதிக் ஆவாள். சென்னையில் ஏதோ ஒரு அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெயரில்லாத பெண் இன்னொரு நான் ஆவாள். அப்போது விழாக் கமிட்டியார் கேட்டதை இப்போது கம்பெனி கேட்கிறது. பாபு அண்ணன் தோளில் கையாவது போட்டார்.

7

இனியா கோட்டைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு டீக்கடைக்கு வந்தாள். உப்புத் தண்ணீர் பட்டு அவள் குதிகால் வெடிப்பு சிவந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா? அது உன் குரல் இல்லன்னு?"

"போன வாரமே தெரியும்ப்பா. பாட்ட அனுப்புனாங்களே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் தோளைக் குலுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். குலுக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, வார்த்தைகளைத் தேடித் தேடித் தமிழிலேயே சொன்னாள்.

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்த. எல்லார்க்கிட்டயும் சொன்ன. ழெரார்கிட்ட சொன்ன, ரொட்டிக்கடையில சொன்ன. எனக்குப் பாடப் புடிக்கும்ப்பா. பாடகி ஆவறது... அது உனக்குத்தான் புடிச்சிருக்கு. பரவால்ல, மூணு வருஷம்தானேன்னு நெனச்சேன்."

மூன்று வருஷம்தானே. எனக்காக மூன்று வருஷம் வாயசைக்க ஒரு பிள்ளை தயாராக இருந்திருக்கிறது. இவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் நாலு பேர் பார்க்க அழுதேன். சாதிக் கடைக்காரரிடம், "ஒண்ணுமில்ல பாய், உப்புக் காத்து" என்றான்.

டைரக்டரிடம் போய் முடியாது என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், அவ்வளவுதான். நான் மூன்று மாதமாகத் தூங்காமல் சுமந்தது அவருக்கு ஒரு பேனா மூடி. அந்த வாரமே வேறொரு பெண்ணுக்கு அதே கோட்டை மாட்டி எடுத்து முடித்தார்கள் என்று சாதிக் சொன்னான்.

கிளம்புவதற்கு முன் நானும் இனியாவும் பாத்தியில் இறங்கினோம், வெறுங்காலோடு. அவள் குதிகால் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக மிதித்து மூடினோம். அஞ்சலை அக்கா வரப்பில் நின்று, "குதிகாலப் போடாத, முன்னங்காலு, முன்னங்காலு" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். எங்களைப் பாடச் சொல்லிக் கேட்பாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

8

பாட்டு வெளியானது. நன்றாகவே ஓடியது. ழெராரிடம் காட்டினேன். எந்த மலை இது, ஸ்விட்சர்லாந்தா என்று கேட்டான். பதினெட்டு வருஷமாக உப்பைத் தூவுகிறவனே ஏமாந்துவிட்டான். வீடியோவின் கீழே இனியா ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "இதைப் பாடியது யார்?" அதற்குக் கீழே வேறு சிலரும் அதையே கேட்டிருக்கிறார்கள். இன்றுவரை பதில் இல்லை. அந்த ஒரு விஷயம் மட்டும் இன்னும் என் மனசை அறுக்கிறது.

மற்றபடி நிம்மதிதான். இனியா மறுபடி கண்ணாடி போட்டுக்கொண்டாள். பிசியோதெரபி படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். என்னோடு தமிழில் பேசுவது கூடியிருக்கிறது. பெரும்பாலும் என்னைத் திட்டத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் மண்டபத்தில் நகரத்துக் கூட்டுப்பாடல் குழுவின் நிகழ்ச்சி. அறுபது பேர் கறுப்புச் சட்டையில் நாலு வரிசையாக நின்றார்கள். தபால்காரர், பல் டாக்டர், நகராட்சிக் கவுன்டர் அம்மையார், எல்லாரும் இருந்தார்கள். இனியா மூன்றாவது வரிசை. அவளுக்கு முன்னால் பனைமரம் மாதிரி ஒரு மனிதர். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் இருப்பதே தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது. அத்தனை குரலும் கலந்து கூரைக்குப் போனது. கலா பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தாள்.

"எங்கங்க இருக்கா? முகமே தெரிய மாட்டேங்குதே. கொரலும் தனியாக் கேக்கல."

"அந்தக் கூட்டத்துலதான் எங்கேயோ பாடிக்கினு இருக்கா" என்றேன். "போனக் கீழ வச்சிட்டுக் கேளு."